கவ்விப் புரளும் நாய்க்குட்டிகள்: சண்டையா, விளையாட்டா?

தெருவில் நாய்க்குட்டிகள் ஒன்றையொன்று கவ்விப் புரள்வது சண்டையா, விளையாட்டா என்று கேட்டிருந்தீர்கள். அது விளையாட்டுதான், சண்டை இல்லை. சென்னை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வலை காயப்போடும் இடத்தில் பழுப்புக் குட்டி மற்றதன் கழுத்தைக் கவ்வும் முன், முன்னங்கால்களைத் தரையில் பரப்பிப் பின்பக்கத்தைத் தூக்கி நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு விவரமே போதும். விளையாட வா என்று நாய்கள் கூப்பிடும் சைகை அது.

ஒன்றரை மாதக் குட்டி என்றால் வயதும் பொருந்துகிறது. ஏறக்குறைய 3 முதல் 12 வாரம் வரை குட்டிகள் பழகக் கற்கும் காலம். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப் போகும். அப்படித்தான் அளந்து கடிக்கப் பழகுகின்றன.

உறுதி செய்ய, 10 நிமிடம் ஒரே குட்டியை மட்டும் பாருங்கள். மற்றவை எவ்வளவு அமர்க்களம் செய்தாலும் கண் அதன்மேலேயே இருக்கட்டும். யார் துரத்தியது, யார் கீழே விழுந்தது, பிடி விட்டதும் விழுந்த குட்டி ஓடிப்போனதா, திரும்பி வந்ததா? மேலே இருப்பதும் கீழே கிடப்பதும் மாறி மாறி வந்தால் சந்தேகமே வேண்டாம். குறிப்பேட்டில் 'கோபம்', 'பொறாமை' என்று எழுதாதீர்கள். 'காதை மடக்கியது', 'வாலை ஆட்டியது' என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். விலங்கியல் படிக்க நினைக்கும் உங்களுக்கு இந்தப் பழக்கம் இப்போதே வந்துவிட வேண்டும்.

ஆனால் மீன் கழிவு கொட்டும் நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். இரை முன்னால் இருந்தால் அதே கவ்வல் நிஜச் சண்டையாகலாம்: உடம்பு விறைக்கும், பிடி தளராது.

அப்புறம், தாய் அருகில் இருந்தால் தள்ளியே நில்லுங்கள். குட்டியின் பல் பட்டாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள்.