ஸில்லோ காட்டும் மதிப்பு வீட்டு விலையை மாற்றுமா?

கொஞ்சம் மாற்றும். ஆனால் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை என்பது என் கருத்து.

அமெரிக்காவில் வீடு வாங்க, விற்கப் பலர் பார்க்கும் ஸில்லோ இணையதளம் 2006 முதல் 'ஸெஸ்டிமேட்' என்ற பெயரில் வீடுகளுக்கு மதிப்பு காட்டுகிறது. அக்கம்பக்கத்து விற்பனைகள், வரிப் பதிவுகள், பரப்பளவு போன்றவற்றை வைத்துக் கணினி போடும் கணக்கு அது. கூரை ஒழுகுகிறதா என்று யாரும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை.

பாதிப்பு வருவது மனசு வழியாகத்தான். திரையில் 5 லட்சம் டாலர் என்று பார்த்துவிட்ட உரிமையாளர் 4.6 லட்சத்துக்கு இறங்கி வர லேசில் சம்மதிக்க மாட்டார். வாங்குபவரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பேரம் பேசுவார். இன்னொன்று, வீட்டை விற்பனைக்குப் போட்டதும் நாம் கேட்கும் விலையை நோக்கி அந்த மதிப்பே நகர்ந்துவிடும். அப்போது யார் யாரைப் பின்தொடர்கிறார்கள்?

சரி, கடைசி விலை? அது சந்தையின் கையில்தான். ஸில்லோவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்பென்சர் ராஸ்காஃப் 2016-இல் தன் சியாட்டில் வீட்டை விற்றபோது, ஸெஸ்டிமேட்டைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவாகவே கிடைத்தது. அப்புறம், தானே வீடுகளை வாங்கி விற்ற ஸில்லோ, விலையைச் சரியாகக் கணிக்க முடியாமல் 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது.

விற்கப்போகிறீர்கள் என்றால், உங்கள் தெருவில் கடந்த ஆறு மாதத்தில் விற்ற வீடுகளின் விலையை முதலில் பாருங்கள்.