கடலூரில் வளர்ந்த 17 வயது மகனை இளைஞர் குழுவுடன் மே மாதம் கோவை வெள்ளியங்கிரி மலைக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். அதற்கு முன் அழைத்துப் போகிறவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: "வரிசையில் கடைசியாக நடப்பவர் யார்?" சட்டென்று ஒரு பெயர் வராவிட்டால் பையன் வீட்டிலேயே இருக்கட்டும்.

நான் தேவனாம்பட்டினத்துக்காரன். எங்கள் பகுதிப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் மலைக்கு அழைத்துப் போகிறவர்களில் ஒருவன். "கடற்கரையில் வளர்ந்தவன், மலையைத் தாங்குவானா?" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மணலில் நின்று வலை இழுத்த கால்களுக்கு வலு குறைவில்லை. பழக்கம் இல்லாதது ஏற்றமும் குளிரும்தான். மே மாதத்திலும் உச்சியில் இரவுக் காற்று நடுங்க வைக்கும். நம் ஊரில் ஸ்வெட்டர் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

பூண்டி அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏழு மலைகள், ஏறத்தாழ 6 கிலோமீட்டர். முதல் மலையின் செங்குத்துப் படிகளிலேயே பிள்ளைகள் போட்டி போட்டு ஏறி மூச்சைத் தீர்த்துக்கொள்வார்கள். ஒருமுறை எங்களோடு வந்த ஒரு பையனின் பையில் அவன் அம்மா புளிசாதம், முறுக்கு டப்பா, கனத்த போர்வை என்று அடைத்து அனுப்பியிருந்தார். பாம்பாட்டிச் சுனையைத் தாண்டியதும் அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. நள்ளிரவு, காடு, டார்ச் வெளிச்சம் மட்டும். எங்களுடன் சேர்ந்துகொண்ட வெளியூர்க்காரர் ஒருவர், "இவன் இங்கேயே உட்காரட்டும், இறங்கும்போது கூட்டிக்கொள்ளலாம்" என்றார். யானை நடமாட்டம் உள்ள காட்டில் ஒரு சிறுவனைத் தனியே விடுவதா? அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அன்று வரிசையில் கடைசியாக நடந்துவந்தவர் படகு பழுது பார்க்கும் எங்கள் அண்ணன் ஒருவர். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்து, காலை நீவிவிட்டு, அவன் சுமையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தார். பிறகு அவனையே வரிசையின் முன்னால் நிறுத்தினார். அவன் நடந்த வேகத்தில்தான் எல்லாரும் நடந்தோம். உச்சியை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. சூரிய உதயத்தைத் தவறவிட்டதாகச் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. சுயம்புலிங்கத்தின் முன்னால் அந்தப் பையனும் நின்றான்.

"இது பக்திப் பயணம், ஆண்டவன் பார்த்துக்கொள்வார், இத்தனை விதிகள் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நானும் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன். 2024இல் இதே மலையில் ஏறியவர்களில் சிலர் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் இறந்துபோனார்கள். இதய நோய், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தது. ஆகவே மகனை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். குழுவினர் வேறு மலைக்கு மாற்றினால் வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போன இளைஞர்களைப் பலிகொண்டதை மறக்கக் கூடாது.

பயிற்சி எங்கே என்று கேட்பீர்கள். நாங்கள் பழகிய திடலை ஒவ்வொரு கோடையிலும் பொருட்காட்சிக்கு விட்டுவிடுகிறார்கள். பள்ளி விடுமுறை விடுகிற நேரத்தில்தான் ராட்டினம் வந்து நிற்கிறது. ஓட இடமில்லாத பிள்ளைகள் கைபேசியோடு கிடக்கிறார்கள் என்று திட்டுவதும் அதே பெரியவர்கள்தான். மனு கொடுத்து அலுத்துவிட்டோம். அதனால் சில்வர் பீச் மணலில் முதுகுப்பையோடு நடக்கிறோம். உங்கள் மகனும் மாலையில் வரலாம். பழகிய காலணியும், கால்நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்வதும் அவசியம். இறங்கும்போது விரல்கள் காலணியின் முனையில் முட்டிக்கொண்டே வரும். முறுக்கு டப்பா வேண்டாம்.