இரட்டைச் சிப்பாய் விழுந்தால் ஆட்டம் போய்விட்டதா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுடன் ருய் லோபஸ் என்ற தொடக்கத்தை ஆடும்போது, நான்காவது நகர்த்தலிலேயே வெள்ளை தன் மந்திரியைக் கொடுத்து சி6 கட்டத்திலுள்ள குதிரையை வெட்டிவிட்டால், கடைசியில் தோற்றுவிடுகிறாள். சிசிலியன் என்ற வேறு தொடக்கத்துக்கு மாறவேண்டும், அதற்குத் தனி வகுப்பு எடுங்கள் என்கிறார் பயிற்சியாளர். மாறலாமா?

பதில்: வேண்டியதில்லை. அவள் தோற்பது தொடக்கத்தில் அல்ல, எந்தக் காயைக் கொடுத்து எதிரியின் எந்தக் காயை மாற்றிக்கொள்வது என்று தெரியாத இடத்தில்.

கறுப்பு டி சிப்பாயால் திருப்பி வெட்டியதும் சி வரிசையில் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டையாகின்றன. பிறகு டி4-இல் நடுச் சிப்பாய்களும் மாறினால், ராஜா பக்கம் வெள்ளைக்கு நான்கு, கறுப்புக்கு மூன்று. ராணி பக்கம் கறுப்புக்கும் நான்கு உண்டென்றாலும், இரட்டையாக நிற்பதால் அவற்றை வெள்ளையின் மூன்று சிப்பாய்களே தடுத்துவிடும். ஆகவே ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால், வெள்ளை ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்து ஆடுவதற்குச் சமம். இதற்கு ஈடாகக் கறுப்பிடம் இருப்பது மந்திரி ஜோடி, அதாவது இரண்டு மந்திரிகளும். அதை உடைக்கக் கூடாது.

1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அப்போதைய உலக சாம்பியன் லாஸ்கருக்கு எதிராக, பின்னாளில் உலக சாம்பியனான கபாபிளாங்காவே இதில் சறுக்கினார். டி6-இல் மந்திரிகள் மாறியபோது அவருடைய இரட்டைச் சிப்பாய் நேராகிவிட்டது. ஆனால் ஜோடி போய்விட்டதால், அடுத்த இரண்டே நகர்த்தலில் வெள்ளைக் குதிரை இ6-இல் போய் உட்கார்ந்துகொண்டு ஏறக்குறைய கடைசிவரை கழுத்தை நெரித்தது.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாகப் பதிய வையுங்கள். ஜி4 மந்திரியைக் கொடுத்து எஃப்3 குதிரையை வெட்டும்போது வெள்ளை ஜி சிப்பாயால் திருப்பி வெட்ட நேர்ந்தால், தாராளமாக மாற்றலாம். ராணிகள் மாறினாலும் பாதகமில்லை. ஏனெனில் இப்போது வெள்ளைக்கும் எஃப் வரிசையில் இரட்டைச் சிப்பாய், அந்த நான்குக்கு மூன்று என்ற கணக்கே செல்லாது. ராணியால் திருப்பி வெட்டி, அந்த ராணி அங்கேயே நிலைத்துவிட்டால் கதை வேறு: ஜோடி போனதுதான் மிச்சம்.

அதே ஜி4 மந்திரியை ஹெச்5 சிப்பாயின் காவலில் விட்டு, வெள்ளை வெட்டினால் ஹெச் வரிசை திறந்து மேட் (ராஜா தப்ப வழியில்லாத முடிவு) என்று ஒரு பொறி உண்டு. அதைப் ‘பத்தே நகர்த்தலில் வெற்றி’ என்று காணொளியாக்கி விற்கிறார்கள். விவரம் தெரிந்தவர் உடனே வெட்டமாட்டார். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு புதிய தொடக்கத்தை விற்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். சிசிலியனில் தோற்றால் அடுத்து பிரெஞ்ச் என்ற தொடக்கத்துக்கு வகுப்பு வரும். ஒரே நாளில் ஆறேழு சுற்றுகளை முடித்துக் கோப்பை கொடுத்து அனுப்பும் போட்டிகள் பெருகியபின், காய்கள் குறைந்தபின் வரும் இறுதியாட்டத்தைச் சொல்லித்தர யாருக்குப் பொறுமை இருக்கிறது?

மேலே சொன்ன நான்குக்கு மூன்று சிப்பாய் அமைப்பையும் ராஜாக்களையும் மட்டும் பலகையில் வைத்து, முதலில் வெள்ளையாக, பிறகு கறுப்பாக உங்கள் மகளை ஆடச் சொல்லுங்கள். அடுத்து கறுப்புக்கு இரண்டு மந்திரிகளையும், வெள்ளைக்கு ஒரு மந்திரி, ஒரு குதிரையையும் சேர்த்து ஆடட்டும். இதற்குக் கட்டணம் இல்லை.