வாட்டைப் பார்த்து பேஸ் ஆம்ப் வாங்கலாமா?

கேள்வி: களியக்காவிளைக்கு அருகே குடியிருக்கிறேன். எங்கள் சபையின் பாடகர் குழுவில் ஆறு ஆண்டுகளாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வரும் கிறிஸ்துமஸுக்குள் எட்டுப் பாடல்களை வீட்டிலேயே பதிவுசெய்ய எண்ணியிருக்கிறேன். இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸும் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி) ஒரு ஷூர் எஸ்எம்57 மைக்கும் இருக்கின்றன, பேஸின் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் இல்லை. அறை 12 அடிக்கு 10 அடி, கான்கிரீட் கூரையின் உயரமும் 10 அடி. சுவரை ஒட்டி ரப்பர் ஷீட் உலர்த்தும் தகரக் கொட்டகை உண்டு. கையில் 20,000 ரூபாய். “பேஸுக்கு 100 வாட்டுக்குக் குறைந்து வாங்கினால் வீண்” என்கிறார் கடைக்காரர். மைக் வைத்துப் பதிவுசெய்ய எது பொருந்தும்?

பதில்: கடைக்காரர் மேடையை நினைத்துப் பேசுகிறார், அந்த அளவில் அவர் சொல்வதில் தவறில்லை. டிரம்ஸ், கீபோர்டு, முப்பது பேர் பாடும் குழு, திறந்தவெளியில் திருவிழா மேடை என்று வந்தால் 100 வாட்டும் போதாமல் போகலாம். நீங்கள் கேட்பதோ மூடிய அறைக்குள், ஒலிபெருக்கிக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் மைக்கை நிறுத்திப் பதிவுசெய்வதைப் பற்றி. அந்த வேலைக்கு வாட் என்பது ஏறக்குறையக் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்.

ஆற்றல் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஒலிபெருக்கிகள் ஒத்த திறனுள்ளவை என்றால் 15 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சுமார் 8 டெசிபெல்தான். காதுக்கு இரு மடங்கு உரக்கக் கேட்கவே ஏறத்தாழ 10 டெசிபெல் தேவை. வீட்டில் மைக் வைத்து வாசிக்கும்போது நீங்கள் உண்மையில் செலவிடப்போவது ஒன்றிரண்டு வாட். பேஸ் ஒலிப்பதிவில் பெரும்பெயர் பெற்ற ஆம்பெக் பி-15 என்ற ஆம்ப் 1960-இல் வந்தது. 15 அங்குல ஒலிபெருக்கி ஒன்று, ஆற்றல் முதலில் 25 வாட், பின்னர் 30 வாட், அவ்வளவுதான். நியூயார்க் ஸ்டூடியோக்கள் பல்லாண்டுகள் அதை வைத்தே வேலை பார்த்தன. அதே காலத்தில் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் பெரும்பாலும் ஆம்ப்பே இல்லாமல் நேரடியாகப் பதிவானது. இந்த இரண்டு வழிகளையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் உங்கள் அறையைப் பற்றி. நான்கு தந்தி பேஸின் இ தந்தியைத் திறந்தபடி, அதாவது எந்தக் கட்டையிலும் விரலை அழுத்தாமல், மீட்டினால் எழும் சுரம் 41 ஹெர்ட்ஸ்; அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அலை சென்று திரும்பி, குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். 12 அடி நீளத்துக்கு அது ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ். உங்கள் கூரையும் 10 அடி உயரத்தில் இருப்பதால் அகலமும் உயரமும் ஒரே இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. ஏ தந்தியின் திறந்த சுரம் 55 ஹெர்ட்ஸ். ஆகவே உங்கள் வீட்டில் ஏ தந்தி மட்டும் பூதம் போல் எழுந்து நிற்கும். இ தந்தியின் இரண்டாம் கட்டையில் வரும் எஃப் ஷார்ப்பும் ஓரளவு அப்படியே. சுவரோரம் நின்றால் இந்த முழக்கம் நெஞ்சில் மோதும். அறையின் நடுவே வந்தால் அதே சுரம் காணாமற்போகும்.

நீங்கள் நின்று கேட்பது ஓர் ஒலி, ஒலிபெருக்கியின் கூம்பருகே உள்ள மைக் கேட்பது வேறோர் ஒலி என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அறையில் முழங்குகிறதே என்று பேஸ் குமிழைக் குறைத்து வைத்துப் பதிவுசெய்தவர்கள், பிறகு ஹெட்போனில் கேட்டுவிட்டு ஒலி எலும்பும் தோலுமாக இருக்கிறதே என்று எனக்கு எழுதியிருக்கிறார்கள். காதை மூடும் வகை ஹெட்போன் ஒன்றை இன்டர்ஃபேஸில் இணைத்து, மைக் வழியாக வரும் ஒலியைக் கேட்டே ஆம்ப்பின் குமிழ்களைத் திருப்புங்கள். அறை பெருக்குவதை மேலும் பெருக்காமலிருக்க ஆம்ப்பை மூலையில் வைக்காமல், தரையிலிருந்து தூக்கி ஒரு மர ஸ்டூலில், அடியில் மடித்த பழைய மெத்தைத் துண்டோடு வையுங்கள்.

இனி ஒலிபெருக்கியின் அளவு. 8 அங்குல ஒலிபெருக்கி கொண்ட சிறிய ஆம்ப்கள் 41 ஹெர்ட்ஸை முழுமையாகத் தருவதில்லை. ஆனால் அதன் இரட்டிப்பான 82, மும்மடங்கான 123 ஹெர்ட்ஸ் போன்ற மேலொலிகளைத் தெளிவாகத் தரும், அவற்றைக் கேட்டு அடிச்சுரத்தைக் காதே ஊகித்துக்கொள்ளும். உங்கள் பாடல்களைக் கைபேசியில் கேட்கப்போகும் சபையார் அனைவரும் பேஸை அப்படித்தான் உணர்வார்கள். அதற்காக 8 அங்குலமே போதும் என்று நான் சொல்லமாட்டேன். வேகமாகத் தட்டி வாசிக்கும்போது சிறிய கூம்பு திணறி, காற்றைக் கொப்பளிப்பது போன்ற ஒரு சத்தத்தை எழுப்பும். மைக் இரண்டு விரற்கடை தூரத்தில் இருக்கையில் அது அப்பட்டமாகப் பதிவாகிவிடும். 10 அங்குலம், 30 முதல் 50 வாட் என்பதே உங்கள் தேவைக்கு அளவான இடம். பயன்படுத்திய 12 அங்குல ஆம்ப் நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் தள்ள வேண்டாம். நண்பரிடம் இருக்கும் சாதாரண கிட்டார் ஆம்ப்பை மட்டும் இரவல் வாங்கிவிடாதீர்கள்: பின்புறம் திறந்த பெட்டிகளில் முன்னும் பின்னும் எழும் தாழ்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும், அந்தக் கூம்பும் பேஸின் வீச்சைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல.

வாட்டையும் அங்குலத்தையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, ஆம்ப்பின் பின்புறத்தில் எக்ஸ்எல்ஆர் லைன் அவுட், அதாவது மைக் இல்லாமலேயே ஒலியை நேராக இன்டர்ஃபேஸுக்கு அனுப்பும் மூன்று முள் வெளியீடு, இருக்கிறதா என்பதைத்தான். சில நிறுவனங்கள் இதையே டிஐ அவுட் என்று குறிப்பிடும். உங்கள் இன்டர்ஃபேஸில் இரண்டு உள்ளீடுகள் இருப்பது நல்லதாயிற்று. ஒன்றில் எஸ்எம்57, மற்றொன்றில் இந்த லைன் அவுட். எஸ்எம்57 தொடங்குவதே 40 ஹெர்ட்ஸில். அதற்கு மேலும் 200 ஹெர்ட்ஸ் வரை அதன் பதிவு சற்று மெலிவுதான், அருகில் வைக்கும்போது மட்டும் தாழ்சுரம் கூடுகிறது. அதனால் அடித்தளத்தை லைன் அவுட்டிலிருந்தும், விரல் தந்தியில் உராயும் நயத்தையும் கூம்பின் உறுமலையும் மைக்கிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். வசதியுள்ள ஸ்டூடியோ தாழ்சுரத்துக்கென்றே செய்யப்பட்ட ஏகேஜி டி112 போன்ற மைக்கை எடுக்கும். அதற்காக நீங்கள் பணம் செலவழிக்கத் தேவையில்லை. இரண்டு தடங்களையும் சேர்த்துக் கேட்கும்போது அடிச்சுரம் மெலிந்தால், மென்பொருளில் ஒரு தடத்தின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கனமாகக் கேட்கும் நிலையே சரியானது. சில வகை மைக்குகளுக்கு மின்சாரம் தரும் இன்டர்ஃபேஸின் 48 வோல்ட் பொத்தான் அணைந்தே இருக்கட்டும். எஸ்எம்57-க்கு அது தேவையில்லை, ஆம்ப்பின் வெளியீட்டுக்குள் அதைச் செலுத்துவதும் நல்லதல்ல.

இந்தக் கணக்கில் தேறுபவை ஃபெண்டர் ரம்பிள் 40, லேனி ஆர்பி2, ஆம்பெக் ராக்கெட் பேஸ் ஆர்பி-110 ஆகியவை; மூன்றிலும் 10 அங்குல ஒலிபெருக்கியும் எக்ஸ்எல்ஆர் வெளியீடும் உண்டு. சுத்தமான ஒலி வேண்டுமென்றால் என் முதல் விருப்பம் ரம்பிள் 40. விலை கடைக்குக் கடை மாறுவதால் புதியது உங்கள் தொகைக்குள் அடங்காமல் போகலாம். அப்போது பயன்படுத்தியதைத் தேடுங்கள். அதுவும் அமையாவிட்டால் 8 அங்குல ரம்பிள் 25-உடன் தனியாக ஒரு சாதாரண பாசிவ் டிஐ பெட்டியை வாங்கி, பேஸிலிருந்து வரும் ஒலியை அதில் ஆம்ப்புக்கு ஒன்று, இன்டர்ஃபேஸுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். மிச்சமாகும் தொகையில் புதுத் தந்திகள் வாங்குங்கள். ஆறு மாதம் வியர்வை ஊறிய தந்தியை எந்த ஆம்ப்பாலும் தெளிவாகப் பேசவைக்க முடியாது.

கடைக்குச் சொந்த பேஸையும் கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் எதையும் வாசிக்காமல் ஒலியளவை நீங்கள் வீட்டில் வைக்கப்போகும் அளவுக்கு ஏற்றி, கூம்பருகே காதைக் கொண்டுபோய் ‘உஸ்’ என்ற இரைச்சல் எவ்வளவு என்று கவனியுங்கள். மைக்கும் அந்த இடத்தில்தான் இருக்கப்போகிறது. சில பெரிய ஆம்ப்களுக்குள் ஓடும் மின்விசிறியும் பதிவில் கேட்கும். பிறகு இ தந்தியில் திறந்த நிலையிலிருந்து பன்னிரண்டாம் கட்டை வரை ஒவ்வொரு சுரத்தையும் நிதானமாக, முழுதும் அடங்கும்வரை நிறுத்தி வாசியுங்கள். ஏதேனும் ஒரு சுரத்தில் மட்டும் பெட்டி ‘ஞ்ஞ்ர்ர்’ என்று உறுமினால் திருகோ முன்வலையோ தளர்ந்திருக்கிறது. பயன்படுத்திய ஆம்ப் என்றால் குமிழ்களை மெதுவாகத் திருப்பி, கரகரப்பு உண்டா என்று பாருங்கள். முன்வலை வழியாகக் கைபேசி வெளிச்சத்தை அடித்து, கூம்பின் விளிம்பில் கீறலோ பூஞ்சையோ உண்டா என்றும் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு பருவமழை வாங்கும் நம் குமரி மாவட்டத்து ஈரத்தில் காகிதக் கூம்பு நைந்துபோவது அரிதன்று.

வீட்டிலும் இதே சோதனை தேவை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடலுக்கு பேஸைப் பதிவுசெய்து முடித்து, மறுநாள் கேட்டபோது ஒரேயொரு சுரத்தின் அடியில் மட்டும் யாரோ சில்லறையைக் குலுக்குவது போன்ற ஓசை இருந்தது. கேபிளை மாற்றினேன், ஆம்ப்பைக் கவிழ்த்துத் திருகுகளை இறுக்கினேன். கடைசியில், பக்கத்து அறை ஸ்டீல் அலமாரியின் கைப்பிடியில் விரலை வைத்தபோது ஓசை நின்றது. பூட்டில் தொங்கிய சாவிக்கொத்துதான் காரணம். உங்கள் வீட்டில் அலமாரி, ஜன்னல் கண்ணாடி, அட்டத்தில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்கள் ஆகியவற்றோடு அந்தத் தகரக் கொட்டகையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. ஒருவர் சுரத்தை நீட்டி வாசிக்க, மற்றொருவர் கையால் தொட்டுக்கொண்டே நடந்தால் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

மின்சாரத்தில் ஒரு சிறு வில்லங்கம் இருக்கிறது. நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். இ தந்தியின் மூன்றாம் கட்டையில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் எழும் ஹம் ஓசை இந்தச் சுரத்துக்குள் ஒளிந்துகொண்டு, வாசிக்கும்போது தெரியாமல், இடைவெளியில் மட்டும் தலைகாட்டும். ஆம்ப்பையும் மடிக்கணினியையும் ஒரே பிளக் பலகையில் இணைப்பதும், பதிவின்போது மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டுவதும் பெரும்பாலும் இதைத் தீர்க்கும். ஹம் போகவில்லை என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒருபோதும் கழற்றாதீர்கள். உயிர் போகும்.

மைக்கைக் கூம்பின் நடுவிலுள்ள குமிழ்மூடிக்கு நேரே வைத்தால் ஒலி கூர்மையாகவும், விளிம்பை நோக்கி நகர்த்த நகர்த்தக் கனிந்தும் வரும். இரண்டுக்கும் இடையே பாதி வழியில், வலையிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் தள்ளித் தொடங்கி, ஹெட்போனில் கேட்டபடி ஒரு விரல் அளவு இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். தாழ்சுரத்தையும் மேல்சுரத்தையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ குமிழ்களால் பெறுவதைவிட அதிக மாற்றம் அந்த ஒரு விரல் அளவில் கிடைக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முன் பதிவு என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் வேலை நடக்கும். தகரத்தில் மழை கொட்டும்போது மைக்கைத் திறப்பதில் பயனில்லை. அந்த நாள்களில் பேஸை நேராக இன்டர்ஃபேஸின் கிட்டார் உள்ளீட்டில் செருகி, நேரடித் தடத்தை மட்டும் பதிவுசெய்து வையுங்கள். மழை விட்ட பிறகு அத்தடத்தை இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து ஒலியளவை நன்றாகக் குறைத்து ஆம்ப்புக்கு அனுப்பி, மைக்கால் மீண்டும் பதிவுசெய்யலாம். இதற்கென்றே தனிப் பெட்டிகள் விற்கிறார்கள். எட்டுப் பாடல்களுக்கு அவை வேண்டியதில்லை.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் உங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே தொலைவுதான். ஓணத்தையொட்டிக் கேரளக் கடைகளில் தள்ளுபடி நடக்கும். அதற்குள் முடிவெடுத்தால் பதிவுக்கும் அவகாசம் கிடைக்கும். எந்தப் பக்கம் வாங்கினாலும் வரிசை எண் எழுதிய ரசீதைப் பெற்றுக்கொண்டு, உத்தரவாதக் காலத்தில் பழுதுபார்க்க ஆம்ப்பை எந்த ஊருக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும் என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். டிசம்பரில் மைக் செட்காரர்களிடம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கேரல் தொடங்கிவிட்டால் இந்த வட்டாரத்தில் ஒரு பெட்டிகூட மிஞ்சாது.