வரைபடமும் கையெழுத்தும்

கேள்வி: அரசு சொன்ன அளவுப்படி பொருளைச் செய்து கொடுத்த கம்பெனி மீது, பிறகு வழக்குப் போடுவது நியாயமா? அமெரிக்காவில் இதற்குச் சட்டப் பாதுகாப்பே உண்டாமே? (வாசகர், சேலம்)

பதில்: உண்டு. 1988-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கொடுத்தது. இதே பாதுகாப்பைக் கேட்டு வந்த மசோதாக்களை நாடாளுமன்றம் நிறைவேற்றாமல் விட்டிருந்தது. நீதிபதிகளே வகுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அது எந்த வழக்கில் என்று பாருங்கள். 1983 ஏப்ரலில், வர்ஜீனியா கரைக்கு அப்பால், பயிற்சியில் இருந்த மரைன் படை ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. துணை விமானி விழுந்த வேகத்தில் சாகவில்லை. வெளியே வர முடியாமல் மூழ்கி இறந்தார். அவசரக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. கடல் வெளியிலிருந்து அழுத்தும்போது அதை எப்படித் தள்ளுவது? கைப்பிடியையும் வேறு கருவிகள் மறைத்திருந்தன என்றார், ஹெலிகாப்டரைச் செய்த கம்பெனி மீது வழக்குப் போட்ட அவருடைய தந்தை. ஜூரி 7,25,000 டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அது ரத்தானது.

உச்ச நீதிமன்றம் வைத்த நிபந்தனைகள் மூன்று. அரசு துல்லியமான அளவுகளை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், பொருள் அதன்படி இருக்க வேண்டும், தனக்குத் தெரிந்து அரசுக்குத் தெரியாத ஆபத்தைக் கம்பெனி சொல்லியிருக்க வேண்டும். என் கோபமெல்லாம் கடைசி நிபந்தனை மேல்தான். தெரிந்ததைச் சொன்னால் போதும் என்றால், தெரிந்துகொள்ள எந்தக் கம்பெனி மெனக்கெடும்? தண்ணீருக்குள் அந்தக் கதவைத் திறந்து பார்க்காதவனுக்கல்லவா அது வசதி!

சரி, முடிவெடுத்த அரசையே கேட்கலாமே என்பீர்கள். அதுவும் முடியாது. பணியின்போது நேர்ந்த சாவுக்குப் படைவீரர் குடும்பம் அரசு மீது நஷ்டஈடு வழக்குப் போட முடியாது என்று 1950-லேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லாக் கம்பெனிக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை. ராணுவத்துக்குக் காதடைப்பான் விற்ற த்ரீஎம் கம்பெனியும் 2020-இல் இதைக் கேட்டது, நீதிபதி மறுத்துவிட்டார். அதன் வடிவத்தை ராணுவம் துல்லியமாக வகுத்துக் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். 2023-இல் அந்தக் கம்பெனி சுமார் 600 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாதக பாதகம் பார்த்து, 'இப்படித்தான் வேண்டும்' என்று அரசே கேட்டு வாங்கியிருந்தால் கம்பெனியை விட்டுவிடலாம். கம்பெனி வரைந்து கொண்டுவந்ததில் அதிகாரி கையெழுத்து மட்டும் போட்டிருந்தால் விடக் கூடாது. விடுவதானாலும், முதலில் அந்தத் தகப்பனார் அரசைக் கேட்க வழி விட்டுவிட்டு, அப்புறம் கம்பெனியை விடட்டும்.