ஏழு மோதிரங்களும் ஜானி யூனிடஸும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பாஸ்டன் பக்கம் குடிவந்து பல வருடங்கள் ஆகின்றன. வந்த புதிதில் அமெரிக்கக் கால்பந்து ஒன்றும் புரியவில்லை. அலுவலக நண்பர்கள் உட்காரவைத்துச் சொல்லித்தந்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். இந்த ஊரில் இருந்துகொண்டு டாம் பிரேடியின் ரசிகனாக இல்லாமல் முடியாது, நானும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் ஒரு சண்டை தீரவே மாட்டேன் என்கிறது. வரலாற்றிலேயே சிறந்த குவாட்டர்பேக் யார்? மகன் பேட்ரிக் மஹோம்ஸ் என்கிறான். சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்த நண்பர் ஒருவர் ஜோ மொன்டானாவைத் தவிர வேறு பெயரையே காதில் வாங்குவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: பிரேடியிடம் ஏழு சூப்பர் பௌல் மோதிரங்கள் இருக்கின்றன, அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

நீங்கள் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் அந்தக் காலத்து ஆட்டக்காரர் ஜானி யூனிடஸை எல்லோருக்கும் மேலே வைத்திருந்தீர்கள். அவருடைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். 290 டச்டவுன் பாஸ்கள், 253 இண்டர்செப்ஷன்கள். இன்று இப்படி ஆடினால் யாரும் அணியில் வைத்திருக்க மாட்டார்கள். எதை வைத்து அப்படி எழுதினீர்கள்?

எம்.கே., பாஸ்டன்

*

அன்புள்ள எம்.கே.,

போகிற போக்கில் எழுதியதுபோல் தெரிந்திருக்கலாம், ஆனால் யோசித்துத்தான் எழுதினேன். இன்று கேட்டாலும் யூனிடஸ் என்றுதான் சொல்வேன்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காத வாசகர்களுக்காக இரண்டு வரி. நான்கு முயற்சிகளுக்குள் பந்தைப் பத்து யார்டு முன்னால் கொண்டுபோக வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக் கைக்குத்தான். அவர் அதை ஓடுகிறவரிடம் கொடுக்கலாம், தூரத்தில் ஓடும் தன் ஆளுக்கு எறியலாம், அதுதான் பாஸ். எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்விட்டால் டச்டவுன். அது முடியாதபோது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துக் குறைந்த புள்ளி எடுப்பது ஃபீல்டு கோல். யோசிக்க மூன்று விநாடி கிடைத்தால் அதிகம். அதற்குள் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் அவரைச் சாய்க்க வந்துவிடுவார்கள். எறிந்த பந்தை எதிரணிக்காரர் பிடித்துவிட்டால் அது இண்டர்செப்ஷன்.

சரி, மோதிரங்களுக்கு வருவோம். இந்த ஆட்டத்தின் பெரிய லீக் என்எஃப்எல், அதன் இறுதி ஆட்டம்தான் சூப்பர் பௌல், ஜெயித்தவர்களுக்கு ஆளுக்கொரு மோதிரம். பிரேடி ஆடிய இரண்டு சூப்பர் பௌல்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக அவர் 505 யார்டு எறிந்தார், மூன்று டச்டவுன் பாஸ்கள். அவருடைய அணி 41-33 என்று தோற்றது. மறு வருடம் ராம்ஸ் அணிக்கு எதிராக அவரிடமிருந்து ஒரு டச்டவுன் பாஸ்கூட வரவில்லை. 13-3 என்று ஜெயித்தார்கள். அற்புதமாக ஆடிய வருடம் மோதிரம் இல்லை, சாதாரணமாக ஆடிய வருடம் ஆறாவது மோதிரம் வந்தது. அப்படியானால் அந்த மோதிரம் எதை அளக்கிறது?

2015 சூப்பர் பௌலையும் நினைத்துப் பாருங்கள். கடைசி அரை நிமிடத்தில் சியாட்டில் அணி கடைசிக் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் நிற்கிறது. பிரேடியின் அணியைச் சேர்ந்த மால்கம் பட்லர் பாய்ந்து அந்தப் பாஸைப் பிடிக்கிறார். பிரேடி அப்போது களத்திலேயே இல்லை, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் அவர் எறிந்த இரண்டு டச்டவுன்கள் இல்லாவிட்டால் அந்தத் தருணமே வந்திருக்காது, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பட்லர் ஓரடி தள்ளி நின்றிருந்தால் உங்கள் கணக்கு ஆறாகியிருக்கும். பிரேடி ஒரு துளியும் குறைந்திருக்க மாட்டார். 2011-க்கு முன்பு உலகக் கோப்பை இல்லாத சச்சினை நாம் யாரும் சின்ன ஆட்டக்காரர் என்று சொன்னதில்லையே.

இன்னொன்றும் இருக்கிறது. கோப்பைதான் அளவுகோல் என்றால் கிளீவ்லண்ட் பிரௌன்ஸ் அணியின் ஓட்டோ கிரஹாமுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? 1946 முதல் 1955 வரை பத்து சீசன் ஆடினார், பத்திலும் இறுதி ஆட்டத்துக்கு அணியைக் கொண்டுபோனார், ஏழில் ஜெயித்தார். அதில் நான்கு, பிறகு கலைந்துபோன இன்னொரு லீகில் வந்தவை. மீதி மூன்று என்எஃப்எல் பட்டங்கள். பிரேடிக்கு 23 சீசன்களில் ஏழு. ஆனால் உங்கள் வீட்டுச் சண்டையில் கிரஹாமின் பெயரே அடிபடவில்லை.

பிரேடியை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2000-ஆம் ஆண்டு 199-வது ஆளாக எடுக்கப்பட்டவர், 43 வயதில் வேறோர் ஊருக்குப் போய் முதல் சீசனிலேயே சூப்பர் பௌல் ஜெயித்தார். 2017 பிப்ரவரியில் அட்லான்டாவிடம் 28-3 என்று பின்தங்கியிருந்த அணியை 34-28 வரை கொண்டுபோன அந்த இரவை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. இத்தனை காலம் இத்தனை உயரத்தில் நின்ற குவாட்டர்பேக் வேறு யாரும் இல்லை. நீண்ட ஆயுள்தான் உங்கள் அளவுகோல் என்றால் நானும் பிரேடி பக்கம்தான்.

என் அளவுகோல் வேறு. களத்தில் நடந்ததில் எவ்வளவு பங்கு அந்த மனிதனின் சொந்த மூளையிலிருந்து வந்தது? நான் கேட்பது அதைத்தான்.

1994-இலிருந்து குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியாளர் அதில் சொல்வார். ஒவ்வொரு முயற்சியையும் தொடங்கக் கொடுக்கும் நேரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த ஒலி துண்டிக்கப்படும். இது புதிய ஆசையும் இல்லை. கிரஹாமின் பயிற்சியாளர் பால் பிரௌன் ஒவ்வொரு முயற்சிக்கும் ஓர் ஆட்டக்காரரிடம் செய்தி சொல்லி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். 1956-இல் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவே வைத்துப் பார்த்தார், லீக் தடுத்துவிட்டது. அந்த பால் பிரௌனிடம் உதவியாளராக இருந்தவர்தான் வீப் யூபாங்க். பால்டிமோர் கோல்ட்ஸுக்குப் பயிற்சியாளராக வந்த யூபாங்க், தன் குருவைப்போல் செய்யவில்லை. ஆட்டத்தை முழுதாக யூனிடஸின் கையில் கொடுத்துவிட்டார்.

கொடுக்கப்பட்டவர் யார் என்று பாருங்கள். பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர், சின்ன வயதிலேயே தந்தையை இழந்தவர். 1955-இல் சொந்த ஊர் அணியான ஸ்டீலர்ஸ் ஒன்பதாவது சுற்றில் அவரை எடுத்தது, சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் ஒரு தடவைகூட இறக்கிப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பியது. கட்டட வேலைக்குப் போனார். வார இறுதியில் ப்ளூம்ஃபீல்ட் ராம்ஸ் என்ற உள்ளூர் அணிக்கு ஓர் ஆட்டத்துக்கு ஆறு டாலர் கூலிக்கு ஆடினார். 1956-இல் கோல்ட்ஸ் கூப்பிட்டது. முதன்மை குவாட்டர்பேக் காயப்பட்டதால் சிகாகோவுக்கு எதிராக உள்ளே போனார். முதலில் எறிந்த பாஸை எதிரணிக்காரர் பிடித்து அப்படியே டச்டவுனுக்கு ஓடிவிட்டார்.

இரண்டே வருடம் கழித்து, 1958 டிசம்பர் 28, யாங்கி ஸ்டேடியம், நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டம். அந்த நவம்பரில்தான் விலா எலும்பு முறிந்து யூனிடஸ் வெளியே உட்கார்ந்திருந்தார், பிறகு கவசம் கட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தார். கோல்ட்ஸ் 17-14 என்று பின்னால் இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம், பந்து சொந்த எல்லைக்குள் 14-ஆவது யார்டில். யூனிடஸ், பாஸ் பிடிக்கிறவரான ரேமண்ட் பெர்ரிக்கு வரிசையாக மூன்று பாஸ்கள் எறிகிறார், மொத்தம் 62 யார்டு. பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் இந்த இருவரும் மைதானத்திலேயே நின்று எறிந்து பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த உழைப்பு அந்த மூன்று பாஸ்களில் தெரிந்தது. ஏழு விநாடி மிச்சமிருக்கும்போது ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்தார்கள்.

அப்புறம் ஓவர்டைம், அதாவது கூடுதல் நேரம். முதலில் புள்ளி எடுக்கிற அணிக்கே வெற்றி. என்எஃப்எல் இறுதி ஆட்டம் ஒன்று ஓவர்டைமுக்குப் போனது அதுதான் முதல்முறை. ஜயன்ட்ஸுக்குப் பந்து முதலில் கிடைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. கோல்ட்ஸுக்கு 80 யார்டு போக வேண்டும். 13 முயற்சிகளில் போனார்கள், அத்தனையையும் தேர்ந்தெடுத்தது யூனிடஸ்தான். நடுவில் ஓர் இடம்: மூன்றாவது முயற்சி, இன்னும் 15 யார்டு வேண்டும். பெர்ரிக்கு எறிந்து 21 யார்டு எடுத்தார். அடுத்த முயற்சிக்கு நிற்கும்போது ஜயன்ட்ஸின் நடுத் தடுப்பாட்டக்காரர் (லைன்பேக்கர்) சாம் ஹஃப், பெர்ரியைத் தடுப்பதற்காக வழக்கத்தைவிடப் பின்னால் தள்ளி நிற்பதைக் கவனித்தார். நடு வழி திறந்து கிடந்தது. முயற்சி தொடங்கும் கோட்டில் நின்றபடியே திட்டத்தை மாற்றினார். ஆலன் அமீச்சி அந்த நடு வழியாக 23 யார்டு ஓடினார்.

பந்து கடைசிக் கோட்டுக்கு அருகில் வந்துவிட்டது. ஃபீல்டு கோல் அடித்தாலே பட்டம். பந்தை ஓடுகிறவரிடம் கொடுத்துப் பத்திரமாக நிற்பதுதான் எவரும் செய்வது. யூனிடஸ் ஓரத்தில் நின்ற ஜிம் மட்ஷெலருக்கு எறிந்தார், ஒரு யார்டு தூரத்தில் அவர் பந்தோடு வெளியேறினார். அடுத்ததில் அமீச்சி உள்ளே விழுந்தார். 23-17. எதிரணிக்காரரின் கையில் போய்விடக்கூடிய ஒரு பாஸை அந்த இடத்தில் எறிய, எதிரே நிற்கும் ஒவ்வொருவரும் என்ன எதிர்பார்க்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் காதில் சொல்லவில்லை.

இனி அந்த 253 இண்டர்செப்ஷன். யூனிடஸின் காலத்தில் பாஸ் பிடிக்கப் போகிறவரை, பந்து காற்றில் ஏறும்வரை களம் நெடுகத் தள்ளலாம், இடிக்கலாம். 1978-இல்தான் ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக்கூடாது என்று விதி வந்தது. குவாட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பாளர்கள் கைகளை நீட்டித் தள்ளலாம் என்பதும் அதே வருடம்தான். அடுத்த சில வருடங்களிலேயே டான் மரீனோ என்ற குவாட்டர்பேக் ஒரு சீசனில் 5,000 யார்டைத் தாண்டினார். 2008-இல் பிரேடிக்கு முழங்கால் போனபின், கீழே கிடக்கிற ஆள் குவாட்டர்பேக்கின் காலை நோக்கிப் பாயக்கூடாது என்று அதையும் இறுக்கினார்கள். யூனிடஸுக்கு இதில் எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் குறைந்தது ஒரு டச்டவுன் பாஸாவது எறிந்தார். விதிகள் இவ்வளவு இளகிய பிறகும் அந்தச் சாதனை 2012-இல் ட்ரூ பிரீஸ் என்ற குவாட்டர்பேக் வரும்வரை நின்றது. உடம்பு கொடுத்த விலையும் உண்டு. முதுமையில் வலது கை விரல்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கோல்ஃப் மட்டையைக் கையோடு பட்டை வைத்துக் கட்டிக்கொண்டுதான் ஆடினார்.

மொன்டானாவைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. நான்கு சூப்பர் பௌல், நான்கும் வெற்றி, 122 பாஸ்களில் ஒரு இண்டர்செப்ஷன்கூட இல்லை. இவ்வளவு சுத்தமான கணக்கு யாரிடமும் இல்லை. ஆனால் பயிற்சியாளர் பில் வால்ஷ் வரைந்துகொடுத்த வழியில் அவர் அழகாக நடந்தார் என்பதுதான் என் எண்ணம். யூனிடஸின் உண்மையான வாரிசு பின்னால் வந்த குவாட்டர்பேக் பேட்டன் மேனிங். கோட்டில் நின்று கையைக் காலை ஆட்டி மொத்தத் திட்டத்தையும் கலைத்து அடுக்குவாரே, அது பால்டிமோரிலிருந்து வந்தது. 2002-இல் யூனிடஸ் இறந்தபோது அவரைப்போல் கணுக்கால் மூடும் கறுப்பு ஷூ அணிந்து ஆட மேனிங் அனுமதி கேட்டார். லீக் மறுத்துவிட்டது. அந்த மறுப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை.

என் பதிலுக்கு எதிராக ஒன்றை நானே சொல்லியாக வேண்டும். யூனிடஸின் காலத்தில் குவாட்டர்பேக் இடம் கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய பூட்டிக் கிடந்தது. யோசிக்கிற வேலை அவர்களுக்கு ஆகாது என்று அணிகள் நம்பின. 1968-இல் டென்வர் அணிக்கு நன்றாகவே ஆடிய மார்லின் பிரிஸ்கோவை மறு வருடமே வேறு அணிக்குப் போய்ப் பாஸ் பிடிக்கிறவராக மாறவைத்தார்கள். 1978-இல் வாரன் மூனை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் அந்நாட்டு லீகின் கிரே கோப்பையை வரிசையாக ஐந்து முறை ஜெயித்த பிறகுதான் ஹூஸ்டன் கதவைத் திறந்தது. 1988-இல் டக் வில்லியம்ஸ் சூப்பர் பௌலின் ஒரே கால் பகுதியில் நான்கு டச்டவுன் எறிந்து டென்வரை 42-10 என்று நொறுக்கினார். இன்று நாம் சண்டை போடும் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய எத்தனையோ பேருக்குப் பந்தைத் தொடவே வாய்ப்புக் கிடைக்கவில்லை. யூனிடஸ்தான் என்று நான் சொல்லும்போது, ஆட அனுமதிக்கப்பட்டவர்களில் என்று சேர்த்தே படியுங்கள்.

மஹோம்ஸ் அந்தப் பூட்டு உடைந்த பிறகு வந்தவர். உங்கள் மகனோடு நான் ஓரளவு ஒத்துப்போவதற்குக் காரணம் அவருடைய கண்பார்க்காமல் எறியும் வித்தைகள் இல்லை. 2020 பிப்ரவரி, மியாமி, சான் பிரான்சிஸ்கோவிடம் 20-10 என்று கேன்சஸ் சிட்டி தோற்றுக்கொண்டிருக்கிறது. ஏழு நிமிடம் பாக்கி. இங்கேயும் மூன்றாவது முயற்சி, 15 யார்டு வேண்டும். 'வாஸ்ப்' என்ற திட்டத்தை ஆடலாமா, அதற்கு நேரம் கிடைக்குமா என்று பயிற்சியாளரிடம் மஹோம்ஸ்தான் கேட்டார். பின்னால் ஓடி ஓடி நேரம் வாங்கிக்கொண்டு டைரீக் ஹில்லுக்கு 44 யார்டு எறிந்தார். 31-20 என்று ஜெயித்தார்கள். காதில் ஸ்பீக்கர் இருந்தும் யோசனை அவருடையது. பத்து வருடம் கழித்து உங்கள் மகன் இதே கேள்வியை எழுதிக் கேட்டால் என் பதில் மாறியிருக்கலாம். இப்போதைக்கு யூனிடஸ்.

அன்புடன்,
ஆசிரியர்