எங்கள் வட்டாரத்தில் ஒரு குடும்பம் நடத்திய மளிகைக் கடை எரிந்துவிட்டது. நன்கொடை திரட்டுவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

நன்கொடைக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அந்தக் கடையில் உங்கள் வீட்டுக் கணக்கில் இருக்கும் பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் ஊரில் நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது, ஆனாலும் தோட்டத்து ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். செம்பனைத் தோட்டங்களுக்குப் போகிற சாலையில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த சாமான் கடை அது. கடைக்கார அண்ணன், அவர் மனைவியான அக்கா, அவர்களுடைய மகன் மூவரும்தான் கவனித்துக்கொண்டார்கள். ஒருநாள் இரவு தீப்பிடித்தது. பொம்பா (தீயணைப்பு) வண்டி வந்து சேர்வதற்குள் முன்பக்கக் கூரை விழுந்துவிட்டது. பின்னால் இருந்த ஸ்டோர் மட்டும் புகையோடும் தண்ணீரோடும் தப்பியது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது பெரிய நிம்மதி.

முன்பக்கம் எரிந்ததில் கல்லாப்பெட்டியும் போனது. அதற்குப் பக்கத்தில்தான் 555 புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு சின்னப் புத்தகம். மாதம் முழுக்க அரிசி, மாவு, மைலோ எல்லாம் அதில் எழுதி வாங்கிக்கொண்டு சம்பள நாளில் கட்டுவோம். கடைக்கு வரவேண்டிய பணம் முழுக்க அந்தப் புத்தகங்களில்தான் இருந்தது. எரிந்த பிறகு யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

மூன்றாம் நாள் அம்மா என்னிடம், "நம்ம கணக்கு 186 வெள்ளி. அவ வாய்விட்டுக் கேக்கமாட்டா, நாமதான் போகணும்" என்றார் (வெள்ளி என்பது ரிங்கிட்). போனோம். அக்கா பணத்தை வாங்கியதும், பழக்கதோஷத்தில் எழுதுவதற்குப் பேனாவைத் தேடினார். நான் ஓடிப்போய் இரண்டு 555 புத்தகம் வாங்கி வந்தேன். சாயங்காலத்துக்குள் சேதி பரவி, பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய காலத்து ஆட்கள் முதல் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். கையில் காசு இல்லாதவர்களும் வந்தார்கள். "இப்போ இல்லக்கா, 240ன்னு எழுதிக்குங்க, சம்பளத்துக்குத் தர்றேன்" என்றார் ஒருவர். அதுவும் உதவிதான், சாதாரண உதவி இல்லை. அந்தப் புதிய புத்தகத்தைத்தான் அண்ணன் மொத்த வியாபாரத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கொண்டுபோய்க் காட்டினார். சம்பள நாளில் இவ்வளவு வரும் என்று தெரிந்ததும் அவர் அடுத்த லோடு சரக்கைக் கடனுக்கு அனுப்பினார். கடை மறுபடி ஓட ஆரம்பித்தது அதனால்தான்.

அடுத்தது, எரிந்ததை உடனே அள்ளிக் கொட்டாதீர்கள். நாங்கள் மறுநாள் காலையிலேயே கோத்தோங் ரோயோங் (ஊர்கூடிச் செய்யும் வேலை) என்று மண்வெட்டியோடு போய் நின்றோம். ஓய்வுபெற்ற ஒரு கிராணி (எழுத்தர்) ஐயாதான் தடுத்தார். காப்புறுதி இருந்தால், கம்பெனி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை எதையும் நகர்த்தக்கூடாது. போட்டோ எடுங்கள், போலீஸ் புகார் கொடுங்கள், பொம்பாவின் அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள், அவ்வளவுதான். அங்கே இன்னொரு அடியும் விழுந்தது. எப்போதோ எடுத்த பாலிசி; தொகையைக் கூட்டவே இல்லை. பாலிசித் தொகை சரக்கின் மதிப்பைவிடக் குறைவாக இருந்தால், இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுவார்கள். உதாரணமாக 80,000 வெள்ளிச் சரக்கை 40,000க்குக் காப்புறுதி செய்திருந்து, 30,000 வெள்ளிக்கு எரிந்துபோனால் 15,000தான் கைக்கு வரும். கடை வைத்திருக்கிற உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் இதை இன்றைக்கே சொல்லுங்கள். எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

மின்சாரத்தில் ஒரு வாரம் வீணானது. வயரிங் தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பி இலவசமாகவே செய்து தருகிறேன் என்றார். நல்ல மனசுதான், ஆனால் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிந்த ஒப்பந்தக்காரர் சோதித்து போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு சான்றிதழ் படிவங்களும் கொடுத்தால்தான் மீண்டும் லைன் கிடைக்கும். கடைசியில் தம்பி உதவிக்கு நிற்க, பதிந்த ஆள் வந்து முடித்துக் கொடுத்தார். நீங்கள் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

கடனைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கடைக்காரர் ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலைகுலைந்து நிற்கும் நேரத்தில்தான் அந்த ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். சிறுவணிகர்களுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் இந்தியச் சிறுவணிகர்களுக்கென்று ஸ்புமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. வியாபாரப் பதிவுப் பத்திரம் எரிந்திருந்தால், வியாபாரங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் மறுபடி எடுக்கலாம். விண்ணப்பத்தை நிரப்ப, கணினி தெரிந்த ஒரு பிள்ளையை அவர்களோடு உட்கார வையுங்கள்.

ஸ்டோரில் தப்பியதிலும் கவனம் வேண்டும். சூட்டில் உப்பிய டின்களை மலிவு விலைக்குக்கூட விற்கவிடாதீர்கள்.

நன்கொடை வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களும் வீடு வீடாகச் சேர்த்துத் தகரமும் பலகையும் வாங்கினோம். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா அந்த 555 புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுப் பெயரையும் தொகையையும் எழுத ஆரம்பித்தார். இது கடன் இல்லை, எழுதாதீங்க என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. உங்கள் ஊர்க் கடைக்காரரும் எழுதினால், எழுதட்டும், விட்டுவிடுங்கள்.